ஏழரையாவது மாடியில் ஒரு சின்னக் கதவு

லிஃப்ட் ஏழாவது மாடியைத் தாண்டுகிறது. எட்டை எட்டுவதற்குள் ஒரு பெண்மணி அவசர நிறுத்தப் பொத்தானை அமுக்கிவிட்டு, கடப்பாரையால் கதவை நெம்பித் திறக்கிறார். வெளியே ஓர் அலுவலகம். கூரை ஆள் உயரத்துக்கும் குறைவு. குமாஸ்தா, காரியதரிசி, முதலாளி எல்லோரும் கூனியபடியே நடக்கிறார்கள், கூனியபடியே கோப்பு தேடுகிறார்கள். வேலை கேட்டு வந்தவன் கூரை ஏன் இத்தனை தாழ்வு என்று கேட்கிறான். செலவு குறைகிறதல்லவா என்கிறார் முதலாளி. பேச்சு அதோடு முடிந்தது.

‘பீயிங் ஜான் மால்கோவிச்’ படத்தில் முதன்முதலாக வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இடம் இது. அந்த மாடியின் எண் ஏழரை. தமிழ்ப் பார்வையாளருக்கு இதில் ஒரு கொசுறு உண்டு. ஏழரை என்றதும் சனி நினைவுக்கு வராத ஆள் நம்மில் குறைவு. திரைக்கதை எழுதிய சார்லி காஃப்மனுக்கு நம் பஞ்சாங்கம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் கதாநாயகனை அந்த மாடியில் பிடிப்பது அசல் ஏழரைதான்.

படம் 1999 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, அக்டோபர் கடைசியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இசை வீடியோக்கள் எடுத்துப் பெயர் வாங்கியிருந்த ஸ்பைக் ஜோன்ஸுக்கு இது முதல் முழுநீளப் படம். காஃப்மனுக்கும் படமாக்கப்பட்ட முதல் திரைக்கதை. இரண்டு புதியவர்கள் சேர்ந்து செய்த இந்தக் காரியத்தை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்த ஆண்டின் தலைசிறந்த படம் என்றார். இயக்கம், திரைக்கதை, துணை நடிகை என்று மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. பரிசு ஒன்றுகூட இல்லை. சுமார் 1.3 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 2.3 கோடி வசூலித்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் கால் நூற்றாண்டு கழிந்தும் ‘இந்த மாதிரி ஒரு படம்’ என்று கையை ஆட்டி விளக்க முயல்கிறவர்கள் கடைசியில் இதன் பெயரில்தான் வந்து நிற்கிறார்கள்.

கதையைச் சொல்வது எளிது. சொல்லும்போது குரலைச் சமநிலையில் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். கிரெய்க் ஷ்வார்ட்ஸ் ஒரு பொம்மலாட்டக்காரன். கைத்திறன் அபாரம், பிழைப்பு பூஜ்யம். விரல் வேகத்தை நம்பி ஏழரையாவது மாடியில் கோப்பு அடுக்கும் வேலைக்குச் சேர்கிறான். அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவைக் கண்டுபிடிக்கிறான். தவழ்ந்து போனால் நடிகர் ஜான் மால்கோவிச்சின் தலைக்குள் போய்ச் சேரலாம். அவர் கண்ணால் பார்க்கலாம், அவர் உடம்பால் உணரலாம். 15 நிமிடம் ஆனதும் நியூ ஜெர்சி நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளத்தில் பொத்தென்று விழலாம். அதே மாடியில் வேலை செய்யும் மாக்ஸீனோடு சேர்ந்து கிரெய்க் இதைத் தொழிலாக்குகிறான். ஒருமுறை போக 200 டாலர். இதற்கிடையே அவனுக்கு மாக்ஸீன் மேல் மோகம். அவன் மனைவி லாட்டிக்கும் மாக்ஸீன் மேல் மோகம். மாக்ஸீனுக்கோ மால்கோவிச்சின் கண்களுக்குள் லாட்டி இருந்து பார்க்கும்போது மட்டும் காதல்.

இதில் என்ன ஈர்ப்பு என்று கேட்டால், ‘இப்படி ஒரு கதையை யாருமே யோசித்ததில்லை’ என்ற பதில் உடனே வரும். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் போதாது. யாருமே யோசிக்காதவற்றை நாம் தினமும் கனவில் காண்கிறோம். நேற்று ராத்திரி எனக்கு ஒரு கனவு வந்தது என்று ஒருவர் தொடங்கினால் இரண்டாவது நிமிடத்திலேயே நமக்குக் கொட்டாவி வருகிறது. ஏன்? அந்தக் கனவில் எதுவும் நடக்கலாம் என்பதால்தான். எதுவும் நடக்கலாம் என்ற இடத்தில் எது நடந்தாலும் ஒன்றுதான். ஆக, விசித்திரம் மட்டும் ஒரு படத்தைத் தாங்காது. இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கற்பனையின் கட்டற்ற தன்மையைப் புகழ்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இவற்றுள் நின்று நிலைத்தவை எல்லாம் கஞ்சத்தனமான படங்கள். ஒரே ஒரு பொய்யை நம்பச் சொல்லி வாங்கிக்கொள்கின்றன. அதன் பிறகு ஒரு பைசா கடன் கேட்பதில்லை.

இந்தக் கணக்கைச் சற்றுப் பின்னாலிருந்து பார்க்கலாம். ஆந்த்ரே பிரெத்தோன் பாரிஸில் மீயதார்த்த அறிக்கையை வெளியிட்டது 1924இல். அதே 1924இல் அமெரிக்காவில் பஸ்டர் கீட்டனின் ‘ஷெர்லாக் ஜூனியர்’ வந்தது. அதில் திரையரங்கில் படம் ஓட்டுகிறவன் தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே நடந்து போகிறான். அவன் உட்காரப் போகும்போது காட்சி வெட்டி மாறுகிறது. பெஞ்சு இருந்த இடத்தில் தெரு, தெரு இருந்த இடத்தில் மலை விளிம்பு, பிறகு சிங்கங்கள், பாலைவனம், கடல் நடுவே பாறை, பனி. பின்னணிதான் மாறுகிறது; மனிதன் நின்ற இடத்தில் நிற்கிறான். இதைச் சாதிக்கக் கீட்டனின் குழு நில அளவைக் கருவிகளை வைத்து, கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு காட்சிக்கும் அளந்தது. கனவுக்கு அளவுகோல் பிடித்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர். கோட்பாடு எதுவும் அவரிடம் இல்லை. பாரிஸ் மீயதார்த்தவாதிகள்தான் அவர் படங்களைத் தேடிப்போய்ப் பார்த்துக் கொண்டாடினார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து லூயி புனுவெலும் சால்வடார் டாலியும் ‘ஆந்தலூசிய நாய்’ எடுத்தபோது எதிர்த்திசையில் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: பகுத்தறிவால் விளக்கக்கூடிய எந்தப் படிமமும் கூடாது. கண்ணைக் கீறும் சவரக்கத்தியும் கையில் ஊரும் எறும்புகளும் பியானோ மேல் அழுகிய கழுதைகளுமாக அந்தப் படம் இன்றும் உடம்பைக் கூச வைக்கிறது. ஆனால் சிரிப்பு? அங்கங்கே வருகிறது, தங்குவதில்லை. நீளமும் கால் மணி நேரத்தை ஒட்டித்தான். ஒன்றரை மணி நேரம் அப்படி ஒரு படத்தைத் தாங்க முடியுமா என்று புனுவெலே யோசித்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் எடுத்த படங்களில் விதிகள் கூடிக்கொண்டே போகின்றன. 1962இல் வந்த ‘சங்காரத் தேவதை’யில் விருந்துக்கு வந்தவர்களால் அறையை விட்டு வெளியேற முடியவில்லை. பூட்டு இல்லை, காவல் இல்லை, முடியவில்லை, அவ்வளவுதான். 1972இன் ‘பூர்ஷ்வாக்களின் அடக்கமான வசீகரம்’ படத்தில் ஆறு பேர் சாப்பிட உட்காருகிறார்கள், சாப்பிடத்தான் முடிவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1974இன் ‘சுதந்திரத்தின் ஆவி’யில் வரும் காவல்நிலையக் காட்சி. பள்ளியில் சிறுமி காணாமல் போய்விட்டாள் என்று பெற்றோர் பதறிக்கொண்டு வருகிறார்கள். சிறுமி அவர்கள் பக்கத்திலேயே நிற்கிறாள். காவல்துறை அதிகாரி அவளைப் பார்த்துப் பார்த்தே காணாமல் போனவளின் அடையாளங்களை எழுதிக்கொள்கிறார். கூட்டி வந்தது வசதியாகப் போயிற்று என்று பெற்றோருக்கு நன்றி வேறு. அந்தக் காட்சியில் ஒருவரும் கண் சிமிட்டுவதில்லை. அரசாங்க அலுவலகத்தில் நேரில் நின்றுகொண்டே ‘நீங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொண்டுவாருங்கள்’ என்று கேட்கப்பட்ட எந்த ஓய்வூதியக்காரருக்கும் அந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை.

இன்னொரு கிளை மேடைக் கோமாளிகள் வழியாக வந்தது. மார்க்ஸ் சகோதரர்களின் ‘டக் சூப்’ 1933. ஹார்ப்போ மார்க்ஸைப் பார்த்து மயங்கிய டாலி, அவருக்கு முள்கம்பி நரம்புகள் பூட்டிய ஒரு யாழைப் பரிசளித்தார். மார்க்ஸ் சகோதரர்களுக்கென்று ஒரு திரைக்கதையும் எழுதினார். படம் எடுக்கப்படவில்லை. நல்லதாயிற்று என்பது என் கட்சி. கோமாளி தன் பாட்டுக்குச் செய்வதைக் கோட்பாட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். பிறகு பிரிட்டனின் மான்டி பைத்தான் குழு. 1975இல் ‘ஹோலி கிரெய்ல்’ எடுத்தபோது குதிரைக்குப் பணமில்லை. ஆகவே ஆர்தர் அரசர் குதிரையில்லாமலே தத்தித் தத்தி ஓட, பின்னால் வருகிற பணியாள் இரண்டு தேங்காய் மூடிகளைத் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்புகிறான். இதோடு விட்டிருந்தால் அது ஒரு நகைச்சுவைத் துணுக்கு. அவர்கள் விடவில்லை. கோட்டைக் காவலன் ஒருவன், இந்தக் குளிர்நாட்டில் தேங்காய் எப்படி வந்தது என்று கேட்கிறான். குருவி தூக்கி வந்திருக்கலாம் என்கிறார் அரசர். குருவியின் எடை என்ன, தேங்காயின் எடை என்ன என்று விவாதம் கிளம்பி, ராஜ்ய காரியம் தொங்கலில் நிற்கிறது. ஒரு பொய், அதன் மேல் கறாரான தணிக்கை.

விதி இருக்க வேண்டும் என்றேன். விளக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு. ‘கிரவுண்ட்ஹாக் டே’ படத்தில் (1993) ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது. அதற்குக் காரணம் வேண்டுமென்று ஸ்டுடியோ கேட்டது. பழைய காதலி இட்ட சாபம் என்று ஒரு வடிவமும் எழுதப்பட்டது. நல்லவேளையாக அது படத்தில் இல்லை. காலை ஆறு மணி ஆனால் வானொலி பாடும் என்ற விதி மட்டும் போதுமாக இருந்தது.

மால்கோவிச் படத்தின் பலமும் இதுவே. கதவு ஏன் அங்கே இருக்கிறது என்று கிரெய்க் ஒரு நிமிடம் தத்துவம் பேசப் பார்க்கிறான். மாக்ஸீன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. டிக்கெட் விற்கலாமா என்கிறாள். அடுத்து வருபவை எல்லாம் சில்லறை வியாபாரத்தின் விவரங்கள்: செய்தித்தாள் விளம்பரம், அலுவலக நேரம் முடிந்த பிறகான வரிசை, பள்ளத்தில் விழுந்தவர்களைக் கூட்டிவர வண்டி. உலகத்தில் இதுவரை நடந்திராத ஓர் அதிசயம் பெட்டிக்கடைக் கணக்கில் நடக்கிறது. ஒளிப்பதிவாளர் லான்ஸ் அக்கார்டும் இதற்குத் தோதாகப் படம் முழுவதையும் மங்கிய பழுப்பிலும் குழல்விளக்கு வெளிச்சத்திலும் வைத்திருக்கிறார். லாட்டியாக வரும் கேமரோன் டியாஸைச் சிக்குத் தலையும் தொளதொள உடுப்புமாக அடையாளம் தெரியாமல் ஆக்கியிருக்கிறார்கள். கார்ட்டர் பர்வெலின் இசை ஓரிடத்தில்கூடச் சிரி என்று விலாவில் குத்துவதில்லை. துயரப் படத்துக்குப் போட்ட இசை அது.

உள்ளே போகிறவர்கள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? மால்கோவிச் ரொட்டி தின்றபடி பேப்பர் படிக்கிறார். தொலைபேசியில் துவாலை வாங்குகிறார். அவ்வளவுதான். பார்த்தவர்கள் பள்ளத்திலிருந்து பரவசத்தோடு எழுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மால்கோவிச்சின் புகழ் அன்று. தான் அல்லாத ஒருவனாக 15 நிமிடம். அந்த ஆசை சிரிப்புக்குரியது இல்லை. ஆசையை வெளியே சொல்ல நாம் படும் கூச்சம்தான் சிரிப்புக்குரியது. அதே 1999இல் ‘மேட்ரிக்ஸ்’, ‘ஆஃபீஸ் ஸ்பேஸ்’, ‘ஃபைட் கிளப்’ என்று அலுவலக மேசையிலிருந்து தப்பிக்கத் துடிக்கும் ஆட்களின் படங்கள் வரிசையாக வந்தன. மற்றவர்கள் புரட்சி செய்தார்கள், அடிதடியில் இறங்கினார்கள். கிரெய்க்கின் கூட்டம் டிக்கெட் வாங்கி இன்னொருவரின் காலை உணவைச் சாப்பிட்டது. நான்கிலும் உண்மைக்கு நெருக்கமானது இதுதான் என்று படுகிறது. பின்னால் கைபேசியில் அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே நாம் கழிக்கப்போகும் ராத்திரிகளை இந்தப் படம் முன்கூட்டியே சொன்னது என்பார்கள். அப்படியெல்லாம் தீர்க்கதரிசனப் பட்டம் கட்ட வேண்டியதில்லை. அந்த ஆசை கைபேசிக்கு மூத்தது.

ஏன் மால்கோவிச்? எழுதும்போதே காஃப்மன் அவர் பெயரை எழுதிவிட்டார். வேறு நட்சத்திரத்தை வைத்துக்கொள்ளச் சொன்ன யோசனைகளை ஏற்கவில்லை. நடிகரே முதலில் தயங்கியவர்தான். பெரிய நட்சத்திரமாக இருந்திருந்தால் படம் புகழைப் பற்றியதாகிவிடும். மால்கோவிச் எல்லோருக்கும் தெரிந்தவர், ஆனால் எதற்காகத் தெரிந்தவர் என்று யாருக்கும் சட்டென்று சொல்ல வராது. படத்தில் சந்திக்கிறவர்கள் எல்லாம் அவரை ஏதோ நகைத் திருடனாக நடித்தவர் என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு வேடம் போட்டதே இல்லை என்று அவர் சலித்துக்கொள்கிறார். இதில் ஒரு நுணுக்கம்: நிஜ மால்கோவிச்சின் நடுப்பெயர் கேவின், படத்து மால்கோவிச்சுக்கு ஹொரேஷியோ. தன் பெயரிலேயே தான் அல்லாத ஒருவரை அவர் நடித்துக்கொண்டிருக்கிறார்.

விஷயம் தெரிந்துபோன மால்கோவிச் வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு தன் தலைக்குள் தானே நுழையும் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. உள்ளே ஓர் உணவகம். பரிமாறுபவர், பாடகி, குழந்தை, கிழவர் எல்லாருக்கும் அவர் முகம். எல்லாரும் பேசுவது ஒரே சொல்: மால்கோவிச். உணவுப் பட்டியலிலும் அதே சொல். இது கேலிச்சித்திரம் என்று முதல் தடவை சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் விதியை நினைத்துப் பாருங்கள். மற்றவர்கள் அந்தக் கதவு வழியே போனால் இன்னொருவரை அடைகிறார்கள். அவருக்கு மட்டும் போக இன்னொருவர் இல்லை. போட்ட விதியை விதிவிலக்கில்லாமல் ஓட்டிப் பார்த்ததில் கிடைத்த விடை அது. தனியாக உட்கார்ந்து யோசித்த வேடிக்கை அன்று. அதனால்தான் அத்தனை பயங்கரமாக இருக்கிறது. பள்ளத்திலிருந்து எழுந்த மனிதர் கதவை மூடு என்று கத்துகிறார். இது என் பிழைப்பு என்கிறான் கிரெய்க். இது என் தலை என்கிறார் அவர். இருவர் சொல்வதும் நியாயமாகப் படுவதுதான் காஃப்மனின் குரூரம்.

சிரிப்பதற்கு இதயம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வேண்டும் என்று தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் எழுதினார். கீட்டனுக்கும் பைத்தான்களுக்கும் அது பொருந்தும். இந்தப் படம் மரக்கவிடாமல் சிரிக்க வைக்கிறது. லாட்டி வளர்க்கும் எலைஜா என்ற சிம்பன்சிக்கு மனநோய் சிகிச்சை நடக்கிறது என்பது தொடக்கத்தில் ஒரு மலிவான நகைச்சுவை. பின்னால் கிரெய்க், மனைவியைக் கட்டிப்போட்டு அந்தக் குரங்கின் கூண்டிலேயே அடைக்கும்போது, எலைஜாவுக்குப் பழைய காட்சி ஒன்று நினைவில் எழுகிறது: காட்டில் வேட்டைக்காரர்கள், கட்டுண்ட தாய் தந்தை, அவிழ்க்க முடியாமல் போன குட்டி. அது லாட்டியின் கட்டை அவிழ்க்கிறது. குரங்குக்குப் பின்கதை வைப்பதைவிட அபத்தம் இருக்க முடியாது. படத்தில் ஒருவர் இன்னொருவரின் வலியை வலியாகப் பார்க்கும் இடமும் அது ஒன்றுதான்.

நமக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்வது புதிதில்லை. மாட்டிடையன் மூலன் இறந்து கிடக்க, மாடுகள் கதறுவதைப் பொறுக்காமல் அவன் உடம்பில் புகுந்த சிவயோகியின் கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அவர் புகுந்தது வெற்றுடம்பு. புகுந்த காரணம் இரக்கம். திரும்பிவந்து பார்த்தால் சொந்த உடம்பைக் காணோம். மூலனாகவே தங்கித் திருமூலரானார். கிரெய்க் புகுவது ஆள் இருக்கும் வீட்டில். உள்ளே ஒருவர் கத்திக்கொண்டிருக்க, அவர் கைகால்களைப் பாவையின் கைகால்களாக ஆட்டுகிறான். திறமையான பொம்மலாட்டக்காரன் என்பதால் 15 நிமிட விதியையும் மீறித் தங்கிவிடுகிறான். எட்டு மாதத்தில் மால்கோவிச் உலகப் புகழ்பெற்ற பொம்மலாட்டக் கலைஞராகிவிடுகிறார். கலைஞனின் வெற்றி என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பற்றி இத்தனை கசப்பான கேலியை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை. இதே கருவைத் திகிலாக்கினால் என்ன வரும் என்பதை 2017இல் ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ காட்டியது. அதில் வெள்ளையர்கள் கறுப்பின உடல்களை வாங்கிக் குடியேறுகிறார்கள். அங்கே உடம்பிலிருந்து ஆளை உள்ளே தள்ளும் வசியக்காரியாக வருபவர் கேத்தரின் கீனர். இங்கே டிக்கெட் விற்ற அதே மாக்ஸீன்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். கடைசி மூன்றில் ஒரு பங்கில் முதலாளி லெஸ்டரின் ரகசியம் வெளிப்படுகிறது: உடம்பு விட்டு உடம்பு மாறி வாழும் கிழவர் அவர், மால்கோவிச்சுக்கு 44 வயது நிறையும் நாளில் நண்பர்கள் சகிதம் குடியேறக் காத்திருக்கிறார். சுவரில் படங்களைக் காட்டி அவர் விளக்க ஆரம்பித்ததும் எனக்குக் கைக்கடிகாரம் நினைவுக்கு வருகிறது. கதவுக்குக் காரணம் சொல்லாமல் இருந்தவரை நம்பினோம். சொன்னதும் சந்தேகம் பிறக்கிறது. லாட்டியின் விஷயமும் அப்படி. ஆணின் உடம்புக்குள் இருந்து வந்ததும் தான் யார் என்பதே மாறிப்போனதாக அவள் உணர்கிறாள். 1999இல் அது பாதி வேடிக்கையாகவே கடந்துபோனது. இன்று பார்க்கிறவர்கள் அந்த இடத்தில் சிரிப்பதில்லை. டியாஸின் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அன்றே அது வேடிக்கையாக இல்லை என்று தெரிகிறது.

இந்தப் படத்துக்குப் பிறகு கிறுக்குத்தனத்துக்குச் சந்தை மதிப்பு வந்தது. பேசும் விலங்கு, தொடர்பில்லாத நடனம், திடீரென்று ஒரு மீன் என்று வரிசையாகப் படங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு பொய்க்குப் பதில் ஐம்பது பொய். கெந்தாங் துப்பியோவின் ‘ரப்பர்’ (2010), ஒரு கார் டயர் ஆட்களைக் கொல்லும் படம், முதல் நிமிடத்திலேயே எதற்கும் காரணம் கிடையாது என்று பிரசங்கம் செய்துவிட்டுத் தொடங்குகிறது. நேர்மை பிடிக்கிறது, படம் பாதியில் காற்று இறங்கிவிடுகிறது. யோர்கோஸ் லாந்திமோஸின் ‘லாப்ஸ்டர்’ (2015) கணக்கை அறிந்தது: 45 நாளில் துணை தேடாவிட்டால் நீங்கள் தேர்ந்தெடுத்த விலங்காக மாற்றப்படுவீர்கள், மற்றது எல்லாம் விடுதி நிர்வாகம். அண்மையில் மைக் செஸ்லிக் சுமார் ஒன்றரை லட்சம் டாலரில் எடுத்த ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீவர்ஸ்’ கீட்டனிடமே திரும்பிப் போனது. கறுப்பு வெள்ளை, பனிக்காடு, கிட்டத்தட்ட வசனமே இல்லை, பீவர் வேடமிட்ட ஆட்கள். எத்தனை தோலுக்கு என்ன பொருள் என்று வியாபாரி கடையில் விலைப்பட்டியல் தொங்குகிறது. அந்தப் பட்டியலை ஒட்டியே படம் நடக்கிறது.

காஃப்மனும் ஜோன்ஸும் 2002இல் ‘அடாப்டேஷன்’ எடுத்தார்கள். அது மால்கோவிச் படப்பிடிப்புத் தளத்திலேயே தொடங்குகிறது. 2004இல் ‘எடர்னல் சன்ஷைன்’ காஃப்மனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. கைத்தேர்ச்சி கூடியது. ஆனாலும் நான் திரும்பிப் போவது முதல் படத்தின் கடைசிக் காட்சிக்குத்தான்.

மால்கோவிச்சை விட்டு இறங்கிய கிரெய்க், மாக்ஸீனுக்காக மறுபடி அந்தக் கதவுக்குள் நுழைகிறான். நேரம் கடந்துவிட்டது. காலம் தவறி நுழைந்தவர்கள் அடுத்த உடம்பில், பிறக்கப்போகும் குழந்தைக்குள் போய்ச் சிக்குவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாம்தான் வேறு வேடிக்கையில் மறந்துவிட்டோம். ஏழு வருடம் கழிந்திருக்கிறது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் மாக்ஸீனும் லாட்டியும் ஒட்டி உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அவர்களின் மகள் எமிலி அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கண்களுக்குப் பின்னால் கிரெய்க். கை இல்லை, நூல் இல்லை, பார்வையைத் திருப்பக்கூட முடியவில்லை. திரும்பு, திரும்பு என்று உள்ளே கெஞ்சுகிறான். பிறகு எமிலி தண்ணீரில் குதித்து, அடியில் நெடுநேரம் நீந்திக்கொண்டே இருக்கிறாள். 15 நிமிடம் கழித்து எடுத்து வெளியே எறிய அங்கே நெடுஞ்சாலை இல்லை.